ஆணை எண் 1: மரால், இரண்டாம் வகுப்பு

என் தங்கை பார்சின் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று விட்டால் ஏதாவது ஒன்று தப்பிவிடும்.

எங்கள் மலைக்கிராமம் காராபுலாக்கின் ஆரம்பப் பள்ளியில் நாற்பத்தொரு வருடம் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த தலைமையாசிரியர் நாற்காலி. பள்ளிக் கூரைக்குப் புதுத் தகரம். அதற்காக வட்டார அலுவலகத்துக்குப் பதினான்கு முறை போனாள், பதினான்காவது முறை பனிப்புயலில். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே நாரின் நகரில் அஞ்சல் வழியில் எழுதி வாங்கிய ஆசிரியர் பட்டம். கட்டடத்துக்குள் குழாய்த் தண்ணீர். நிலக்கரி ஈரமாக வந்தால் லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமை; இது சின்ன விஷயமாகத் தெரியலாம், எங்கள் ஊர் ஜனவரியைக் கழித்தவர்களுக்கு அப்படித் தெரியாது. கடைசியாக, படிக்கத் தெரிவது.

அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பத்து வயதில். அதற்கு முன்பே மூன்று வகுப்பு தேறியிருந்தாள். 2009 மே மாதம் வரை இது எங்கள் இருவரையும் ஒரு வாத்தியாரையும் தவிர யாருக்கும் தெரியாது.

நான் சோனுன், அவளுக்கு ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். 1996 முதல் அந்தப் பள்ளியின் சமையலறை என் பொறுப்பு. நாற்பத்துமூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி, பால் தேநீர், ஆளுக்கொரு ரொட்டி. சமையலறைக்கும் ஆசிரியர் அறைக்கும் நடுவே ஒரே சுவர். அடுப்புக் குழாய் போவதற்காக அதில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஆகையால் இங்கே எழுதுவதில் பாதி நான் காதால் கேட்டது. மீதியைக் கண்ணால் பார்த்தேன்.

பார்சின் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நாங்கள் இருவரும் ஊரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தோம். அப்பா அம்மா ஆடுகளோடு குளிர்காலப் பட்டியில் இருந்தார்கள். தினமும் சாயங்காலம் அவளுடைய பாடத்தை நான் சத்தமாகப் படிப்பேன். இரண்டு முறை கேட்டால் போதும், ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். பள்ளியில் புத்தகத்தைப் பிரித்து வைத்து, விரலை வரி மேல் ஓட்டிக்கொண்டே ஒப்பிப்பாள். படத்தைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்புவாள். எங்கள் ஊரில் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு எப்போதும் மதிப்பு அதிகம். விருந்துகளில் அவளை நாற்காலி மேல் ஏற்றிச் சொல்ல வைத்தார்கள். நானும் பெருமைப்பட்டேன். தீங்கு செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் வகுப்பில் வந்த புது வாத்தியார் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு அவளிடம் செய்தித்தாளை நீட்டி, படி என்றார். அவள் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தாள். அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரிடம் முதல் வகுப்பு எழுத்திலிருந்து கற்றாள். அந்த வாத்தியார் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இனி மராலைப் பற்றி.

மேய்ப்பர் கெங்கேஷின் கடைசிப் பெண். குளிர்காலத்தில் ஊரில் சித்தப்பா வீட்டில் இருப்பாள். மே கடைசியில் குடும்பமே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கோடை மேய்ச்சலுக்கு, ஜைலோவுக்கு, ஏறிவிடும். இறங்குவதற்குச் செப்டம்பர் ஆகிவிடும். அவளுக்கு மேலே மூன்று பேர். மூவரும் படித்த அதே இரண்டாம் வகுப்புப் புத்தகம்தான் அவளுக்கும். எண்ணெய்க் கறை எந்தப் பக்கத்தில், ஓரம் கிழிந்தது எந்தப் பக்கத்தில் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் வகுப்பு ரோசா டீச்சருடையது. ஐம்பத்தெட்டு வயது. கழுத்தில் எப்போதும் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கும். குதிரைப் பந்தயத்துக்கு நேரம் பார்க்க அவர் கணவர் வைத்திருந்தது. எங்கள் பள்ளிகளில் படிப்பை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பார்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது ஐம்பது சொல் வேண்டும். ஏப்ரலில் மரால் அறுபத்திரண்டு. அதற்கு முன்னால் மார்ச் 21 நூரூஸ் வசந்த விழாவில், நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று அவளுக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் பரிசு. கொடுத்தது பார்சின், அப்போது அவள் துணைத் தலைமையாசிரியை. கூட்டத்தில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி, ஆனால் என் கை சரியாகத் தட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சமையலறைக் கதவில் ஒரு பலகை வைத்திருக்கிறேன். அன்றைய சாப்பாட்டை அதில் எழுதுவேன். படித்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் சட்டம். மரால் எப்போதும் கடைசியில் நிற்பாள். முன்னால் போகிறவர்களின் தட்டைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பாள். நவம்பரில் ஒருநாள் அவளை இழுத்து முதலில் நிறுத்தினேன்.

"இன்னிக்கு என்ன போட்டிருக்கேன், சொல்லு பார்ப்போம்?"

பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"கோதுமைக் கஞ்சி, பெரியம்மா!"

அன்று திங்கள்கிழமை. திங்களன்று எப்போதும் கோதுமைதான். ஆனால் அன்று மூட்டை வராததால் அரிசி போட்டிருந்தேன். பலகையிலும் அரிசி என்றுதான் இருந்தது. எனக்கு உடனே புரிந்தது. அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மராலைப் பற்றிப் பேசினால் பேச்சு எங்கள் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்று பயந்தேன். ஆறு மாதம் அப்படியே இருந்தேன்.

மே 15 அன்று வட்டார அலுவலகத்திலிருந்து ஒட்டிய உறையில் ஒரு தாள் வந்தது. யாரும் முன்பு பார்க்காத ஒரு கதை, முள்ளம்பன்றியும் ஆப்பிளும். எல்லாப் பிள்ளைகளும் அதைப் படிக்க வேண்டும். மரால் ஒரு நிமிடத்தில் நாலு சொல் படித்தாள். அதில் ஒன்று 'ஆப்பிள்', படம் போட்டிருந்தது.

ரோசா டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து கதவைச் சாத்தியது சமையலறைப் பாத்திரங்கள் வரை கேட்டது.

"பார்சின், அந்தப் பொண்ணு என்னை வருஷம் பூரா ஏமாத்தியிருக்கா."

"எட்டு வயசுப் பொண்ணு உங்களை எப்படி ஏமாத்துவா, டீச்சர்?"

"புத்தகம் மொத்தமும் மனப்பாடம்! பின்னாலிருந்து கேட்டாலும் சொல்றா. நான் முட்டாள் மாதிரி கழுத்துல கடிகாரத்தை மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

பார்சின் நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. பிறகு, "பரிசு குடுத்தது நான்" என்றாள்.

"அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அடுத்த திங்களிலிருந்து வெள்ளி வரை பார்சின் தினமும் மராலைத் தனியே கூப்பிட்டாள். முதல் நாள் ஒரு சோப்பு உறை. இரண்டாம் நாள் தீப்பெட்டி. மூன்றாம் நாள் வெறும் எழுத்துகள், ஒவ்வொன்றாக. எங்கள் மொழியின் முப்பத்தாறு எழுத்தில் பத்தொன்பது தெரிந்தது. நாலாம் நாள் கணக்கு. இருபத்தேழு ஆட்டில் ஒன்பது இரட்டைக் குட்டி போட்டது, மற்றது ஒற்றை, குட்டி எத்தனை என்றாள். கேள்வி முடியும் முன்பே மரால், "முப்பத்தாறு, ஒண்ணும் சாகலைன்னா" என்றாள். ஐந்தாம் நாள் கண் பார்வை. பழுதில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து விடுப்புகளைக் கூட்டினாள்: நாற்பத்தொரு நாள், எல்லாம் செப்டம்பரிலும் குட்டி போடும் மாதத்திலும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினாள். எழுதிய தாளை என்னிடம் காட்டினாள். நாங்கள் இருவரும் அதை ஒருவரையொருவர் பார்க்காமல் படித்தோம்.

அதே வெள்ளிக்கிழமை, மே 22, எங்கள் தலைமையாசிரியர் ஷாம்ஷி ஐயா பித்தப்பை அறுவைக்காகத் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கிளம்பினார். முத்திரையையும், பள்ளி முடிவுகளை எழுதும் ஆணைப் புத்தகத்தையும் பார்சின் கையில் கொடுத்தார். ஆகஸ்ட் வரை அவள் பொறுப்புத் தலைமையாசிரியை. ஐயாவுக்கு அதோடு ஓய்வு; அதன் பிறகு யார் என்று வட்டார அலுவலகம் முடிவு செய்யும்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா" என்றார் குதிரை வண்டியில் ஏறும்போது. "அந்தக் கெங்கேஷ் பொண்ணு விஷயம் மட்டும்தான். தள்ளிவிட்டுடு மூணாவதுக்கு. நானும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்."

"படிக்கத் தெரியலையே, ஐயா."

"நாலாவது முடிச்சா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். அப்புறம் அவங்க தலைவலி."

சனிக்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து தொலைபேசி. ஆசிரியர் அறையில் ஒலிபெருக்கி மாதிரி இரைச்சலாக வரும். குழாய் ஓட்டை தேவைப்படவில்லை.

"பார்சின், உங்க பள்ளி ஆறு வருஷமா நூறு சதவீதத் தேர்ச்சி. இப்ப நீங்க வந்த முதல் வாரமே ஒருத்தரை அதே வகுப்புல நிறுத்தினா, நான் மேல என்னன்னு எழுதறது? ஆகஸ்ட்ல உங்க பேரைத்தான் நான் அனுப்பலாம்னு இருக்கேன்."

"ஆகஸ்ட்ல மறு தேர்வு வைக்கலாமாங்க?"

"வையுங்க, யார் வேணாம்னா? அதுல தேறிட்டான்னு எழுதிக்கோங்க."

மரால் ஆகஸ்டில் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் குதிரைப் பால் கறந்துகொண்டிருப்பாள். அங்கே ரோசா டீச்சரும் இல்லை, புத்தகமும் இல்லை. இரு பக்கத்துக்கும் அது தெரியும்.

திங்கள், மே 25, கடைசி மணி, அதாவது பள்ளி ஆண்டு முடியும் விழா. பிள்ளைகள் தலையில் வெள்ளைக் குஞ்சம் கட்டி வந்தார்கள். மராலின் அம்மா சயிரா கூட்டத்தில் நிற்காமல் நேராக என் சமையலறைக்கு வந்தாள். கையில் ஒரு பை உலர்ந்த தயிர் உருண்டை.

"சோனுன் அக்கா, உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன சொல்லணும்?"

"மராலை நிறுத்தினா அவர் அவளை ஜைலோவுலேர்ந்து கீழ இறக்க மாட்டாராம். பள்ளிக்கூடமே வேணாங்கிறார். 'என் பொண்ணு ரெண்டு பல்லு ஆகக் கூடாது'ங்கிறார்."

இரண்டு பல் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். இரண்டாம் குளிர்காலத்தைக் கடந்த ஆட்டுக்கு முன்னால் இரண்டு பெரிய பல் முளைக்கும். 1980-இல் கெங்கேஷை இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்தினார்கள். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் அது. ஆறாம் வகுப்போடு ஓடிப்போகும் வரை அந்தப் பெயர் அவன் கூடவே வந்தது. இன்றும் குதிரைச் சந்தையில் குடித்துவிட்டு யாராவது அப்படிக் கூப்பிட்டால் சண்டை வரும்.

அவனும் பார்சினும் ஒரே வகுப்பு. ஒரே பெஞ்சு. அவன் திக்கித் திக்கி நிமிடத்துக்கு இருபது சொல் படிப்பான். ஆனால் உண்மையாகப் படித்தான். அவள் தொண்ணூறு சொல் ஒப்பித்தாள். அவனை நிறுத்தினார்கள், அவளைத் தூக்கி மூன்றாவதில் விட்டார்கள்.

"அவரே வந்து டீச்சர்கிட்ட பேசக் கூடாதா?" என்றேன்.

"எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நாளைக் கழிச்சு விடியக்காலைல லாரி. அதுவரைக்கும் பட்டியை விட்டு வரமாட்டேங்கிறார்."

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கூட்டம். ஆறு பேர். நான் தேநீர் கொண்டுபோனேன், பாத்திரம் எடுக்கப் போனேன், சர்க்கரை கொண்டுபோனேன். மூன்று பேர் மேலே அனுப்பலாம் என்றார்கள். இரண்டு பேர் நிறுத்தலாம் என்றார்கள். ரோசா டீச்சர்தான் அதில் அழுத்தமாகப் பேசினார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூணாவது டீச்சர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கா?"

"சரி, நிறுத்துறோம்" என்றாள் பார்சின். "செப்டம்பர்ல எந்தப் புத்தகம் குடுப்பீங்க?"

"ரெண்டாம் வகுப்புப் புத்தகம்தான். வேற என்ன இருக்கு?"

"அதுதான் அவளுக்கு மனப்பாடமாச்சே."

ரோசா டீச்சர் கடிகாரத்தைத் தொட்டார்.

"அதே புத்தகத்தை இன்னொரு வருஷம் ஒப்பிச்சா தொண்ணூறு சொல் வரும். அடுத்த மே மாசம் நாம கைதட்டுவோம். அப்ப எதுக்கு நிறுத்தணும்? நிறுத்துறதுனா முதல் ரெண்டு மணி நேரம் அவ ஒண்ணாம் வகுப்புல எழுத்துலேர்ந்து உட்காரணும். அப்புறம் உங்க வகுப்பு. வாரா வாரம் புதுத் தாள், அவ பார்க்காத தாள். எழுதறது நான். உங்களால முடியுமா, டீச்சர்?"

"கிழவிக்கு வேலை குடுக்கறே" என்றார் ரோசா டீச்சர். பிறகு, "பண்ணுவேன். அப்பன்காரன் ஒத்துக்கணுமே" என்றார்.

அதுதான் சிக்கல். விதிப்படி, பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையை நிறுத்த முடியாது. கெங்கேஷை மீறிச் சயிரா போடமாட்டாள்; அவன் போடாவிட்டால் மரால் தானாக மூன்றாவதுக்குப் போவாள். பார்சின் வற்புறுத்தினால் பள்ளிக்கே வரமாட்டாள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது, மராலைத் தவிர.

அன்று மாலை பார்சின் என் வீட்டுக்கு வந்தாள். ஊற்றிய தேநீர் அவள் முன்னால் ஆடை கட்டியது. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் துணியில் குவித்தாள்; சாப்பிடவில்லை.

"அக்கா, என்னை அந்த வருஷம் நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"உனக்கும் ஒரு பேரு வெச்சிருப்பாங்க."

"பேரு வெச்சா என்ன? மூணு வருஷம் ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போவேன். தெரியுமா உனக்கு? இன்னிக்கு புதுசா ஏதாவது குடுத்துடுவாங்களோன்னு. நீ படிச்சுக் காட்டாத ஒண்ணைக் குடுத்துடுவாங்களோன்னு."

எனக்குத் தெரியாது. அவள் பாடம் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டே கேட்டது மட்டும்தான் நினைவில் இருந்தது. நவம்பர் மாதத்துப் பலகை விஷயத்தை அப்போது அவளிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. பிய்த்த ரொட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது மாதிரி தொட்டுக்கொண்டிருந்தாள்.

"கெங்கேஷ்கிட்ட சொல்லியாகணும்" என்றாள்.

"எதை?"

"நம்ம கதையை."

"பைத்தியமாடி உனக்கு? நாளைக்கே சந்தைல பேசுவாங்க. படிக்கத் தெரியாதவ ஹெட்மாஸ்டரம்மான்னு. ஆகஸ்ட்ல உன் பேரை யாரு அனுப்புவா?"

"அவன் என்னைப் பார்க்கவே வரமாட்டேங்கிறானே, எப்படிச் சொல்றது?" என்றாள், நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல். எழுந்து நின்றாள். "உன் மாட்டுப் பால்ல தயிர் இருக்கா அக்கா? கெட்டியா?"

"ஒரு வாளி இருக்கு. எதுக்கு?"

கேட்ட பிறகுதான் புரிந்தது. எங்கள் நாட்டில் குடி பெயர்ந்து போகிறவர்களை வழியில் யாராவது தயிரோடும் ரொட்டியோடும் மறித்தால் நின்றாக வேண்டும். இறங்கிக் குடித்தாக வேண்டும். ஜைலோவுக்கு ஏறும் எந்த மேய்ப்பனும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், நீட்டிய கிண்ணத்தைத் தாண்டி வண்டியை ஓட்டமாட்டான். ஓட்டினால் அந்தக் கோடை மந்தைக்கு ஆகாது என்பார்கள்.

மறுநாள் விடிந்ததும் பாலத்தின் முன்னால் போய் நின்றோம். நான் வாளியோடும் பொரித்த ரொட்டித் துண்டு கட்டிய துணியோடும். பார்சின் கக்கத்தில் ஆணைப் புத்தகத்தோடும், கைப்பையில் முத்திரையோடும். ஆற்றில் தண்ணீர் பெருகியிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு லாரி வந்தது. மேலே கம்பளச் சுருள்கள், கூடாரக் கம்புகள், அடுப்பு, கட்டிய நாய். கம்பளங்களுக்கு நடுவே மராலின் தலை. கெங்கேஷ் எங்களைப் பார்த்தான். வேகத்தைக் குறைக்கவில்லை. பார்சின் கிண்ணத்தை நிரப்பி, இரு கையாலும் பிடித்துச் சாலை நடுவில் போய் நின்றாள்.

லாரி அவளிடமிருந்து நாலு முழத்தில் நின்றது. நான் அளந்தேன், பிறகு.

இறங்கினான். கிண்ணத்தை வாங்கினான். ஒரே மூச்சில் குடித்தான்.

"நல்ல வழி மறிப்பு, ஹெட்மாஸ்டரம்மா" என்றான். "குடிச்சாச்சு. மந்தை நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டு விலகு."

"மந்தை நல்லா இருக்கட்டும். ரொட்டி சாப்பிடலையே நீ."

அவன் ஒரு துண்டை வாயில் போட்டான். "ஆச்சு."

"மெல்லு, முழுங்கு. அதுவரைக்கும் நான் பேசலாம்ல?"

சயிரா முன் சீட்டில் உட்கார்ந்து வாயை மூடிச் சிரித்தாள். கெங்கேஷ் சிரிக்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன், பார்சின். நீ பரிசு குடுத்த பொண்ணு அவ. மார்ச்ல கெட்டிக்காரி, மே மாசம் மக்கா? என்னை நிறுத்தினப்போ நீ முதல் பெஞ்சுல உக்காந்து சிரிச்சியே. இப்ப என் பொண்ணையுமா?"

"சிரிச்சேன்" என்றாள் பார்சின். "பயத்துல சிரிச்சேன், கெங்கேஷ். உனக்கு இருபது சொல் படிக்கத் தெரிஞ்சுது. எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது."

"என்ன உளர்றே?"

"எங்க அக்கா படிக்கக் கேட்டு ஒப்பிச்சேன். மூணு வருஷம். இதோ நிக்கிறா, கேளு."

அவன் என்னைப் பார்த்தான். நாற்பத்தைந்து வயதில் நடு ரோட்டில் தயிர் வாளியைப் பிடித்துக்கொண்டு நான் தலையாட்டினேன்.

"அந்த வருஷம் நிறுத்த வேண்டியது என்னை. உன்னை இல்ல. அது உனக்குத் தெரியணும்னுதான் வந்தேன். நாலாவதுல ஒரு வாத்தியார் கண்டுபிடிச்சார், நான் பிழைச்சேன். கண்டுபிடிக்காம இருந்திருந்தா இன்னிக்கும் அந்தப் பயத்தோடதான் இருப்பேன்."

கெங்கேஷ் வெகு நேரம் ஆற்றைப் பார்த்தான். தாடை அசைந்துகொண்டிருந்தது, வாயில் ரொட்டி இல்லை. இப்போது கத்துவான், இல்லாவிட்டால் ஏறிப் போய்விடுவான் என்று நினைத்தேன். இரண்டுமே நடக்கக்கூடிய முகம்.

"ரெண்டு பல்லுன்னு முதல்ல கூப்பிட்டது யாரு?" என்று கேட்டான், மெதுவாக.

"நான்தான்" என்றாள் பார்சின்.

எனக்கே அது தெரியாது. வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது மேலேயிருந்து மராலின் குரல் வந்தது. இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மூணாவது புத்தகம் நம்ம வீட்டுல இல்லையே. புது அச்சாம், வேற கதையாம். அண்ணன்களுக்கும் தெரியாதாம். அதை எனக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?"

கெங்கேஷ் திரும்பி மகளைப் பார்த்தான். அவள் தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாளா நீ படிக்கவே இல்லையாடி?" என்றான்.

"கேட்டேன் அப்பா. எல்லாத்தையும் கேட்டேன்."

அவன் லாரியின் முன்மூடி மேல் கையை ஊன்றி நின்றான். பிறகு பார்சினிடம் கை நீட்டினான், புத்தகத்துக்காக.

"காரணம்னு என்ன எழுதுவே? மக்குன்னு எழுதினா கிழிச்சு ஆத்துல போட்டுடுவேன்."

பார்சின் முன்மூடி மேல் புத்தகத்தை விரித்து அவன் கண்ணெதிரே எழுதினாள். அந்தப் பக்கத்தை நான் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்: 'மாணவி மரால் கெங்கேஷ் மகள் இரண்டாம் வகுப்பில் தொடர்கிறாள். காரணம்: பார்த்த பாடத்தை வைத்தே வாசிப்பை அளந்தது பள்ளியின் தவறு. மாணவியின் தவறு இல்லை.'

அவன் எழுத்துக் கூட்டி, உதடு அசைய, முழுவதையும் படித்தான். இரண்டு முறை. நாங்கள் நின்று காத்திருந்தோம், யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு தன் கையெழுத்தைப் போட்டான்.

"செப்டம்பர்ல இறக்கி விடுறேன். யாராவது அவளை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா உன்கிட்டதான் வருவேன், பார்சின்."

"என்கிட்டயே வா."

வட்டார அலுவலகம் அந்தக் காரணத்தை மாற்றச் சொல்லி மூன்று முறை தொலைபேசி செய்தது. பார்சின் மாற்றவில்லை. ஜூலை முழுவதும் அவளுக்குத் தூக்கம் இல்லை, எனக்கும் இல்லை. ஆகஸ்ட் 29 வரை எந்தத் தாளும் வரவில்லை, வந்த தாளில் அவள் பதவிப் பெயரிலிருந்து 'பொறுப்பு' என்ற சொல்லை எடுத்திருந்தார்கள், ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரால் செப்டம்பர் 4 அன்று, மூன்று நாள் தாமதமாக வந்தாள். அடுத்த திங்கள்கிழமை கோதுமை மூட்டையைத் தொடாமல் பாஸ்தா போட்டேன், வேண்டுமென்றே. அவள் பலகை முன்னால் நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் தலையாட்டி, "இன்னும் தெரியல, பெரியம்மா" என்றாள், சத்தமாக, எல்லோர் காதிலும் விழ. நான் முதல் எழுத்தைச் சொன்னேன்.

அன்று பாலத்தருகே கெங்கேஷ் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பார்சின் பேனாவை வாங்கினாள். பெயருக்கு மேலே 'தலைமையாசிரியை (பொறுப்பு)' என்று எழுதினாள். கை நடுக்கம் நிற்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். நிற்கவில்லை. அப்படியே போட்டாள். தலைமையாசிரியையாக என் தங்கை போட்ட முதல் கையெழுத்து அது. 'பார்சின்' என்பதன் கடைசி எழுத்து இன்றும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. முத்திரையை வாயால் ஊதிக் குத்தினாள், அதன் கீழே தேதி எழுதினாள்.

2009 மே 27, புதன்கிழமை.